காப்பாட்சியரின் கண்: அருங்காட்சியகத்துக்குள் முன்முடிவு நுழையும் இடங்கள்

1989 நவம்பரில், கனடாவின் டொராண்டோ நகரிலுள்ள ராயல் ஒன்டாரியோ அருங்காட்சியகம் 'ஆப்பிரிக்காவின் இதயத்துக்குள்' என்ற கண்காட்சியைத் திறந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆப்பிரிக்காவுக்குப் போன கனடியப் படைவீரர்களும் மிஷனரிகளும் எடுத்துவந்த பொருள்கள் அங்கே வைக்கப்பட்டிருந்தன. கண்காட்சியை அமைத்தவர் ஜீன் கன்னிஸோ என்ற மானிடவியலாளர். காலனியாதிக்கத்தைப் புகழ்வது அவருடைய நோக்கமாக இருக்கவில்லை. இந்தப் பொருள்கள் எப்படி டொராண்டோவுக்கு வந்து சேர்ந்தன, அவற்றை எடுத்துவந்தவர்களின் மனத்தில் எத்தகைய இனச்செருக்கு ஊறிப்போயிருந்தது என்பதைத் தம் நாட்டு மக்களுக்குக் காட்டத்தான் விரும்பினார். அன்றைய அருங்காட்சியக உலகில் இது துணிச்சலான முயற்சி.

சில மாதங்களிலேயே அருங்காட்சியக வாசலில் போராட்டம் தொடங்கியது. 'ஆப்பிரிக்கா பற்றிய உண்மைக்கான கூட்டமைப்பு' என்ற பெயரில் திரண்ட கறுப்பின மக்கள், இது இனவெறிக் கண்காட்சி என்று சொல்லி அதை மூடக் கோரினார்கள். போலீசாரோடு மோதல் நடந்தது, கைதுகள் நடந்தன, ஆர்ப்பாட்டத்தைக் கட்டுப்படுத்த அருங்காட்சியகம் நீதிமன்றத்துக்குப் போனது. கண்காட்சி அடுத்துச் செல்லவிருந்த நான்கு அருங்காட்சியகங்களும் ஒன்றன்பின் ஒன்றாக விலகிக்கொண்டன. கன்னிஸோ பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துவதையே கைவிட வேண்டியதாயிற்று. 2016 நவம்பரில்தான் அருங்காட்சியகம் பொதுவில் மன்னிப்புக் கேட்டது. கண்காட்சி திறந்து அப்போது 27 ஆண்டுகள் ஆகியிருந்தன.

நல்ல நோக்கமும் ஆழ்ந்த படிப்பும் உள்ள ஒருவர் செய்த வேலை, யாருடைய வரலாற்றுக்கு நியாயம் செய்ய நினைத்தாரோ அவர்களையே ஏன் இப்படிப் புண்படுத்தியது? எல்லோரையும் உள்ளடக்கும் அருங்காட்சியகம் பற்றி யார் யோசித்தாலும் இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவது நல்லது. பதில் அந்தக் கூடத்தின் சுவர்களிலேயே இருந்தது.

படைவீரர்களைப் பற்றிய பகுதியில் ஓர் ஓவியத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தார்கள். 1879-இல் லண்டனின் பட இதழ் ஒன்றில் வந்த செதுக்கோவியம் அது. பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் ஜூலு வீரனின் மார்பில் வாளைப் பாய்ச்சுகிறார். கன்னிஸோவுக்கு இது விக்டோரியா காலப் பத்திரிகைகளின் மனநிலைக்குச் சான்று. பள்ளியிலிருந்து வரிசையாக அழைத்துவரப்பட்ட கறுப்பினச் சிறுமிக்கு அது, தன்னைப் போன்ற தோற்றமுள்ள ஒருவர் கொல்லப்படும் காட்சி. அதை ஏன் பெரிதாக்கி வைத்தார்கள் என்று விளக்கும் எழுத்து, படத்தோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. இன்னோரிடத்தில் ஒரு புகைப்படம். 1910 வாக்கில் நைஜீரியாவில் எடுத்தது. மிஷனரி ஒருவரின் மனைவி ஆப்பிரிக்கப் பெண்களுக்குத் துணி துவைக்கக் கற்றுத்தருகிறார் என்று அதன் குறிப்பு சொன்னது. கற்றுத்தருவதைச் சொல்லும் சொற்கள் மட்டும் மேற்கோள் குறிகளுக்குள் இருந்தன. தலைமுறை தலைமுறையாகத் துணி துவைத்துவரும் பெண்களுக்குப் பாடம் எடுப்பதாக நினைத்த மிஷனரியின் அறியாமையை அந்தக் குறிகள் சுட்டிக்காட்டும் என்று காப்பாட்சியர் எதிர்பார்த்தார்.

அந்தக் குறிப்பை ஒரு தாய் தன் பிள்ளைக்கு வாய்விட்டுப் படித்துக்காட்டினால் என்ன ஆகும்? மேற்கோள் குறிகள் காதில் விழாது. ஆப்பிரிக்கப் பெண்களுக்கு வெள்ளைக்காரப் பெண் துணி துவைக்கச் சொல்லிக்கொடுத்தாள் என்பது மட்டுமே பிள்ளையின் மனத்தில் தங்கும். அருங்காட்சியகத்துக்கு வருபவர்கள் எழுத்தை எப்படிப் படிக்கிறார்கள் என்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த பெவர்லி செரல், 110 கண்காட்சிகளைப் பற்றிய ஆய்வை 1998-இல் வெளியிட்டார். அவற்றில் பெரும்பாலானவற்றில் பார்வையாளர்கள் 20 நிமிடம்கூடச் செலவிடவில்லை. நின்று, நிதானித்து, குறிகளின் உள்ளர்த்தத்தைப் பிடிக்கிற வாசகர் கூடத்தில் மிகச் சிலரே. கன்னிஸோ அந்தச் சிலருக்காக எழுதினார். இன்னும் துல்லியமாகச் சொன்னால், தம்மைப் போன்ற ஒருவருக்காக எழுதினார்: படித்தவர், வெள்ளையர், காலனிய வரலாற்றால் நேரடியாகக் காயப்படாதவர், அதைச் சற்று விலகி நின்று விமர்சிக்க முடிந்தவர்.

முன்முடிவு என்றதும் வெறுப்பைத்தான் தேடிப் பழகியிருக்கிறோம். அருங்காட்சியகங்களில் நடப்பது பெரும்பாலும் வேறு. காட்சியை அமைப்பவர் தம்மை அறியாமலேயே ஒரு பார்வையாளரைக் கற்பனை செய்துகொள்கிறார். அந்தப் பார்வையாளருக்குத் தம் உயரத்தையும் தம் படிப்பையும் தம் குடும்ப வரலாற்றையும் கொடுத்துவிடுகிறார். பிறகு எடுக்கும் ஒவ்வொரு முடிவும் அந்தக் கற்பனை மனிதருக்கு வசதியாக அமைகிறது.

இதைத் தானாகவே உணர்ந்து திருத்திக்கொள்ள முடியாதா? உளவியல் ஆய்வுகள் தரும் விடை ஊக்கமளிப்பதாக இல்லை. 2002-இல் எமிலி ப்ரோனின், டேனியல் லின், லீ ராஸ் ஆகியோர், மனிதர்களின் தீர்ப்பைச் சாய்க்கும் பலவகைப் பழக்கங்களை விளக்கிச் சொல்லி, இவை உங்களிடம் எந்த அளவு, பிறரிடம் எந்த அளவு என்று கேட்டார்கள். பிறரைவிடத் தம்மிடம் குறைவு என்பதே பொதுவான பதிலாக இருந்தது. 2012-இல் வேறொரு குழு, கூர்மையான அறிவுள்ளவர்களிடம் இந்தக் குருட்டுத்தன்மை குறைகிறதா என்று பார்த்தது. குறையவில்லை, சற்றுக் கூடவே செய்தது. கெட்டிக்காரர்களுக்குத் தம் முடிவுக்குக் காரணம் கண்டுபிடிப்பது எளிது என்பதால் இது எனக்கு வியப்பளிக்கவில்லை.

தமக்கே தெரியாத மனச்சாய்வுகளை அளக்க முடியும் என்று காட்டியவர்களில் முக்கியமானவர் செகந்திராபாத்தில் பிறந்த மஹ்சரின் பனாஜி. ஆன்டனி கிரீன்வால்டுடன் சேர்ந்து 1990-களில் அவர் தொடங்கிய ஆய்வுகள் உலகெங்கும் பேசப்பட்டன. அதையொட்டி அலுவலகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் ஒருநாள், இருநாள் பயிற்சி வகுப்புகள் பெருகின. ஆனால் 2019-இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு, 492 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, உள்மனச் சாய்வின் அளவைச் சற்றே மாற்ற முடிந்தாலும் நடத்தை அதைத் தொடர்ந்து மாறியதற்குச் சான்று கிடைக்கவில்லை. பயிற்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வகுப்பில் உட்கார்ந்து எழுந்ததும் நாம் திருந்திவிட்டோம் என்று நம்புவதுதான் ஆபத்து. மனத்தைத் தூய்மைப்படுத்தும் முயற்சியில் இறங்குவதைவிட, முடிவெடுக்கும் தருணங்களைக் கண்டுபிடித்து அங்கே ஒரு தடுப்பை வைப்பதே பலன் தரும். இந்தக் கட்டுரையின் வாதம் இதுதான்.

அந்தத் தருணங்களில் முதலாவது, கண்காட்சி என்ற பேச்சே எழுவதற்கு முன்னால் நடந்து முடிந்துவிடுகிறது. அது பதிவேட்டில் நடக்கிறது.

ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் வேலைப்பாடு மிக்க பித்தளைக் கழுத்துப்பட்டை ஒன்று இருக்கிறது. 1881-இல் நன்கொடையாக வந்தது. வந்த நாளிலிருந்து பதிவேட்டில் அது நாயின் கழுத்துப்பட்டை. நூற்றாண்டுக்கும் மேலாக எத்தனையோ அறிஞர்கள் அதைக் கையில் எடுத்துப் பார்த்திருப்பார்கள். நாய்ப்பட்டை என்று எழுதியிருந்ததால் நாய்ப்பட்டையாகவே தெரிந்தது. அடிமை முறை பற்றிய பெரிய கண்காட்சிக்காக ஆய்வு செய்தபோதுதான் வேறொன்று கண்ணில் பட்டது. 17-ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியங்களில், செல்வந்தர்களின் அருகே நிற்கும் கறுப்பின இளைஞர்களின் கழுத்தில் இதே போன்ற உலோகப் பட்டைகள் இருக்கின்றன. அந்த ஓவியங்களும் புகழ்பெற்றவை, பலராலும் பார்க்கப்பட்டவை. பட்டை பேழையில் இருந்தது, ஓவியம் சுவரில் இருந்தது, இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் கேள்வியைத்தான் யாரும் கேட்கவில்லை. நெதர்லாந்தில் அடிமைகள் இருந்ததில்லை, அதெல்லாம் கடல் கடந்த தோட்டங்களில் நடந்தது என்ற பொது நம்பிக்கை அந்தக் கேள்வியை எழவிடாமல் செய்தது.

2021-இல் திறந்த அந்தக் கண்காட்சி பத்துத் தனிமனிதர்களின் வாழ்க்கை வழியாக அடிமை வரலாற்றைச் சொன்னது. அடிமைப்பட்டவர்கள், அடிமைகளை வைத்திருந்தவர்கள், எதிர்த்தவர்கள் என எல்லாத் தரப்பினரும் அந்தப் பத்தில் இருந்தார்கள். கூடவே நிரந்தரக் கூடங்களிலும் 77 புதிய விளக்கக் குறிப்புகளை வைத்தார்கள். சர்க்கரைக் கிண்ணத்துக்குப் பின்னால் எந்தத் தோட்டம் இருந்தது, ஓவியத்துக்குப் பணம் கொடுத்தவரின் செல்வம் எங்கிருந்து வந்தது என்பதை அவை சொல்லின. இந்தக் கதையில் நமக்கும் பங்கு உண்டு. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 17-ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து, நம் பழவேற்காட்டிலிருந்தும்கூட, பஞ்ச காலங்களில் ஆயிரக்கணக்கானோரை அடிமைகளாக ஏற்றிச் சென்றது. இன்று பழவேற்காட்டுக்குச் சுற்றுலா போகிறவர்கள் பார்ப்பது டச்சுக் கல்லறைகளின் செதுக்கு வேலைப்பாட்டைத்தான்.

பதிவேட்டின் வகைப்பாடு எப்படி ஓர் உண்மையை மறைக்கும் என்பதை இன்னும் கூர்மையாகக் காட்டியவர் அமெரிக்கக் கலைஞர் ஃப்ரெட் வில்சன். 1992-இல் பால்டிமோர் நகரின் மேரிலாண்டு வரலாற்றுக் கழகம் அவரை அழைத்து, தன் சேமிப்பறைகளைத் திறந்துவிட்டது. அவர் புதிதாக எதையும் உருவாக்கவில்லை. இருந்தவற்றை இடம் மாற்றி வைத்தார். 'உலோக வேலைப்பாடு, 1793–1880' என்ற தலைப்பில் ஒரு கண்ணாடிப் பேழை. உள்ளே பூவேலை செய்த வெள்ளிக் கூஜாக்களும் கோப்பைகளும் பளபளக்கின்றன. அவற்றின் நடுவே அடிமைகளின் கால்விலங்கு, கரடுமுரடான இரும்பு. இரண்டுமே உலோகம், இரண்டுமே அதே மாநிலம், அதே காலம். ஒன்று பல்லாண்டுகளாகக் கூடத்தில் இருந்தது, மற்றொன்று கிடங்கில் கிடந்தது. இன்னோரிடத்தில் மூன்று பீடங்களில் நெப்போலியன், ஹென்றி கிளே, ஆண்ட்ரூ ஜாக்சன் ஆகியோரின் மார்பளவுச் சிலைகள். மூவரில் ஒருவரும் மேரிலாண்டுக்காரர் அல்லர். அவற்றுக்கு எதிரே மூன்று வெற்றுப் பீடங்கள். அவற்றில் ஹாரியட் டப்மன், ஃபிரெடரிக் டக்ளஸ், பெஞ்சமின் பானக்கர் என்ற பெயர்கள் மட்டும் இருந்தன. மூவரும் மேரிலாண்டு மண்ணில் பிறந்த கறுப்பினத் தலைமக்கள். அவர்களுடைய சிலை அங்கே இல்லை.

வில்சனின் பேழையிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம், காப்பாட்சியர்கள் நடுநிலையானவை என்று நம்பும் அளவுகோல்களைப் பற்றியது. எதைக் காட்சிக்கு வைப்பது என்று தேர்ந்தெடுக்கும்போது தரமான பொருள், நல்ல நிலையில் உள்ள பொருள், அழகான பொருள் என்ற மூன்றையும்தான் சொல்வார்கள். நல்ல நிலையில் எது எஞ்சும்? பூட்டிய பீரோவில் வைத்துத் துடைத்துப் பாதுகாக்க ஆள் வைத்திருந்தவரின் வெள்ளி எஞ்சும். அடிமையின் மரக்கரண்டி எஞ்சாது. குடிசையில் புழங்கிய மண்சட்டி உடைந்தால் குப்பைக்குத்தான் போகும். நல்ல நிலை என்ற அளவுகோலை எடுத்துக்கொண்ட மறுகணமே பணமிருந்தவர் பக்கம் சாய்ந்துவிட்டோம். அதை யாரும் சாய்வு என்று சொல்லமாட்டார்கள். தொழில்நெறி என்பார்கள்.

இதைத் தடுக்க வழி உண்டு. 2005-இல் எரிக் உல்மன், ஜெஃப்ரி கோஹன் இருவரும் செய்த சோதனை இங்கே உதவும். காவல்துறைத் தலைவர் பதவிக்கு இரண்டு விண்ணப்பங்களை மதிப்பிடச் சொன்னார்கள். ஒருவருக்குக் களத்தில் இறங்கிய அனுபவம், மற்றவருக்கு ஏட்டுப் படிப்பு. ஆண் விண்ணப்பதாரரிடம் எது இருந்ததோ அதுதான் இந்தப் பதவிக்கு முக்கியம் என்று சொல்லும் போக்கு மதிப்பிட்டவர்களிடம் தெரிந்தது. தாங்கள் நடுநிலையாளர்கள் என்று உறுதியாக நம்பியவர்களிடம் சாய்வு இன்னும் கூடுதல். ஆனால் பெயரைப் பார்ப்பதற்கு முன்பே எந்தத் தகுதிக்கு எவ்வளவு எடை என்று முடிவு செய்யச் சொன்னபோது அந்தச் சாய்வு காணாமல் போனது. அவர்களுடைய மனம் மாறவில்லை. முடிவெடுக்கும் வரிசை மாறியது, அவ்வளவுதான்.

அருங்காட்சியகத்தில் இதை நாளைக்கே செய்யலாம். பொருள்களை மேசையில் பரப்புவதற்கு முன்னால், இந்தக் கண்காட்சி யாருடைய வாழ்க்கையைச் சொல்ல வேண்டும், அதற்கு எத்தகைய பொருள்கள் தேவை என்பதை எழுதிக் கையெழுத்திட வேண்டும். பட்டியல் தயாரானதும் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே யார் செய்தது, யார் வைத்திருந்தது, யார் கைவழியாக நம்மிடம் வந்தது என்று மூன்று பத்திகளை நிரப்ப வேண்டும். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்றே எழுத வேண்டும். ஒரு பட்டியலில் வைத்திருந்தவர் பத்தி நிறைந்தும் செய்தவர் பத்தி காலியாகவும் இருந்தால், அந்தக் காலியிடமே குழுவுக்கு ஒரு செய்தி. அங்கே நின்று, பொருள் இல்லாதவர்களின் கதையை வேறு எதனால் சொல்வது என்று யோசிக்கலாம்: குரல் பதிவு, வழக்கு ஆவணம், பாட்டு, வில்சன் வைத்ததைப் போல ஒரு வெற்றுப் பீடம்.

அடுத்த தருணம், விளக்கக் குறிப்பை எழுதுவது. இங்கே செலவே இல்லாத ஒரு பழக்கம் இருக்கிறது, ஆனாலும் மிகச் சிலரே செய்கிறார்கள். குறிப்பைச் சாதாரணத் தாளில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, நம்மைப் போல் இல்லாத சிலரைப் படிக்கவைத்து, பிடித்திருக்கிறதா என்று கேட்காமல், இது உங்களிடம் என்ன சொன்னது என்று கேட்பது. பதிலைக் குறுக்கிடாமல் கேட்க வேண்டும். நாங்கள் சொல்லவந்தது அதுவல்ல என்று ஒருமுறை விளக்கத் தொடங்கினாலும் சோதனை கெட்டது, ஏனென்றால் திறப்பு விழாவுக்குப் பிறகு ஒவ்வொரு குறிப்பின் பக்கத்திலும் நாம் நின்று விளக்கப்போவதில்லை. டொராண்டோவின் அந்தத் துணி துவைக்கும் படத்தை அந்நகரின் கரீபியக் குடும்பங்கள் சிலவற்றுக்கு முன்கூட்டியே காட்டியிருந்தால், ஒரே பிற்பகலில் சிக்கல் தெரிந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

யாரைக் கேட்பது என்பதிலும் நம் கண் சிலரைத் தாண்டிப் போகிறது. வில்சன் இளமையில் அருங்காட்சியகக் காவலராக வேலை பார்த்தவர். 1991-இல் அவர் செய்த ஒரு படைப்பில், நியூயார்க்கின் நான்கு அருங்காட்சியகங்களின் காவலர் சீருடைகளை அணிந்த கறுப்பு நிறப் பொம்மைகள் நான்கு நிற்கும். தலை கிடையாது. அமெரிக்கக் கலை அருங்காட்சியகங்களின் பணியாளர் குறித்து மெல்லன் அறக்கட்டளை 2015-இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், காப்பாட்சியர், பாதுகாப்பு வல்லுநர், கல்விப் பணியாளர், தலைமை நிர்வாகி ஆகிய பொறுப்புகளில் 84 விழுக்காட்டினர் வெள்ளையர் என்று தெரியவந்தது. கறுப்பினத்தவர் 4 விழுக்காடு. காவல், துப்புரவு போன்ற வேலைகளில்தான் மற்ற இனத்தவர் அதிகம். எந்தப் பேழையின் முன் குழந்தைகள் மண்டியிடுகிறார்கள், எந்தக் குறிப்பை ஒருவர்கூடப் படிப்பதில்லை, எந்தக் கூடத்தில் முதியவர்கள் உட்கார இடம் தேடித் தவிக்கிறார்கள் என்பதெல்லாம் நாள் முழுதும் அங்கே நிற்கும் காவலருக்கு அத்துப்படி. கண்காட்சித் திட்டமிடும் கூட்டத்துக்கு அவரை அழைப்பதில்லை. அழைத்தால் ஒரு நாற்காலிதான் கூடுதல் செலவு.

கருத்துக் கேட்பதோடு நின்றால் போதாது. கேட்கப்படுபவருக்கு நிறுத்தும் உரிமை இருக்க வேண்டும், உழைப்புக்கு ஊதியமும் இருக்க வேண்டும். எல்லாம் முடிவான பிறகு சமூகப் பிரதிநிதிகளை அழைத்துக் காபி கொடுத்து ஒப்புதல் வாங்குவதைக் கலந்தாலோசனை என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் 1994-இல் தொடங்கிய டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் அருங்காட்சியகம் இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்த முன்மாதிரி. 1966-இல் அந்தப் பகுதியை வெள்ளையருக்கு மட்டும் என்று அரசு அறிவித்து, அடுத்தடுத்த ஆண்டுகளில் சுமார் 60,000 பேரை வெளியேற்றி, வீடுகளை இடித்துத் தள்ளியது. பழைய தேவாலயம் ஒன்றில் அமைந்த அந்த அருங்காட்சியகத்தின் தரையில் இடிக்கப்பட்ட பகுதியின் பெரிய வரைபடம் விரிந்து கிடக்கிறது. திரும்பி வந்த பழைய குடிமக்கள் குனிந்து, தங்கள் வீடு இருந்த இடத்தில் தங்கள் பெயரை எழுதினார்கள். விளக்கக் குறிப்பை அவர்களே எழுதினார்கள் என்று சொல்லலாம். நம் நாட்டில் 2014-இல் திறந்த போபால் நினைவு அருங்காட்சியகமும் இந்த வழியில் வந்ததே. விஷவாயுவால் பாதிக்கப்பட்டவர்கள் தந்த பொருள்களும் அவர்கள் குரலில் பதிவான சாட்சியங்களும் அங்கே உள்ளன. சுவரிலுள்ள தொலைபேசியின் கேட்பானை எடுத்துக் காதில் வைத்தால் ஒரு தாய் பேசுகிறாள்.

திறந்த பிறகும் திருத்தலாம் என்பதற்கு நியூயார்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் சான்று. அங்கே 1939-இல் அமைத்த மாதிரிக் காட்சி ஒன்று, டச்சு ஆளுநர் பீட்டர் ஸ்டைவஸன்டை லெனாபே பழங்குடியினர் சந்திப்பதைக் காட்டியது. டச்சுக்காரர்கள் முழு உடையில், லெனாபே ஆண்கள் ஏறக்குறைய உடையில்லாமல், பெண்கள் பின்னணியில் சுமையோடு. 2018-இல் அருங்காட்சியகம் இதை அப்போது அகற்றாமல், கண்ணாடியின் மீதே பெரிய எழுத்தில் குறிப்புகளை ஒட்டியது: உடை இப்படி இருந்திருக்காது, லெனாபே பெண்கள் தலைமைப் பொறுப்புகளில் இருந்தவர்கள், பெயரே இல்லாமல் நிற்கும் தலைவர் உண்மையில் யாராக இருக்கக்கூடும். ஒரு நிறுவனம் தன் பழைய பார்வையைத் தன் கண்ணாடியிலேயே திருத்திக் காட்டுவது பெருமைக்குரிய செயல். அப்போதே அகற்றியிருந்தால் அந்தப் பாடம் யாருக்கும் கிடைத்திருக்காது.

இதுவரை சொன்னது இனமும் வரலாறும். உடல் சார்ந்த முன்முடிவு இதைவிடச் சத்தமில்லாமல் வேலை செய்கிறது. ஓவியங்களை மாட்டும்போது நடுப்புள்ளி தரையிலிருந்து 57 அல்லது 58 அங்குல உயரத்தில் இருப்பது பொது வழக்கம். நிற்கும் பெரியவரின் கண்மட்டம் அது. சக்கர நாற்காலியில் அமர்ந்திருப்பவரின் கண் சுமார் 43 முதல் 51 அங்குல உயரத்தில் இருக்கும். நாணயங்களையும் ஓலைச்சுவடிகளையும் வைக்கும் மேசைப் பேழையை அந்த உயரத்திலிருந்து பாருங்கள். மேல்கண்ணாடியில் கூரை விளக்கின் வெளிச்சம் பட்டுத் தெறிக்கிறது. நாணயத்தின் முகம் தெரிவதில்லை, விளிம்பு மட்டும் ஒரு கோடாகத் தெரிகிறது. குறிப்பு அட்டை பேழையின் உட்புறத்தில் படுக்கையாகக் கிடப்பதால் ஓர் எழுத்தும் படிக்க முடிவதில்லை. எட்டு வயதுக் குழந்தைக்கும் இதே நிலைதான். பேழையைச் சாய்வாக்கி, விளக்கை இடம் மாற்றி, குறிப்பை முன்விளிம்பில் நிமிர்த்தி வைத்தால் தீர்ந்துவிடும். அமைத்தவர் ஒருமுறையாவது நாற்காலியில் உட்கார்ந்து கூடத்தைச் சுற்றியிருந்தால் தெரிந்திருக்கும். தில்லி தேசிய அருங்காட்சியகம் 2015-இல் 'அனுபவ்' என்ற தொடுகைக் கூடத்தைத் திறந்து, 22 பொருள்களின் மறுவடிவங்களைப் பிரெயில் குறிப்புகளோடு வைத்தது. வரவேற்கத்தக்க தொடக்கம். ஆனால் பார்வையற்றவருக்கு என்று ஓர் அறையை ஒதுக்கிவிட்டு மற்ற கூடங்களை அப்படியே விட்டுவிட்டால், வருபவர் அந்த அறையோடு திரும்பிப் போக வேண்டியிருக்கும்.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தை இந்த விவாதத்திலிருந்து விலக்கி வைக்க முடியாது. 1851-இல் தொடங்கிய அந்நிறுவனத்துக்கு 1885 முதல் 1908 வரை தலைவராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றி 1909-இல் அவர் வெளியிட்ட ஏழு தொகுதிகளை இன்றும் ஆய்வாளர்கள் புரட்டுகிறார்கள். அளவுகருவியோடு மனிதர்களின் தலையையும் மூக்கையும் அளந்து, அந்த எண்களிலிருந்து சாதிகளை வரிசைப்படுத்த முயன்ற காலம் அது. சென்னை மாகாணப் போலீசாருக்கும் உடலளவையியல் கற்பித்தவர் அவர். கடும் உழைப்பாளி, நிறையத் தகவல்களைத் திரட்டியவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவருக்குத் தமிழ் மக்கள் அளக்கப்பட வேண்டிய மாதிரிகளாக இருந்தார்கள். கூடத்துக்கு வரும் பார்வையாளரும் பேழைக்குள் வைக்கப்படும் மாதிரியும் ஒரே மக்களாக இருந்த விசித்திரத்தை அன்றைய அருங்காட்சியகம் ஒரு சிக்கலாகவே உணரவில்லை. அந்தக் காலத்துப் படங்களையும் பொருள்களையும் இன்று காட்சிக்கு வைக்கும்போது, யார், எந்த நோக்கத்தோடு, எந்தக் கருவியோடு இதைத் திரட்டினார் என்பதையும் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும்.

அதே வளாகத்தின் செப்புத்திருமேனிக் கூடம் உலகப் புகழ் பெற்றது. திருவாலங்காட்டு நடராசர் முன் நின்றவர்கள் அந்த நிமிடத்தை மறக்கமாட்டார்கள். இத்தகைய திருமேனிகள் பலவும் கிணறு வெட்டும்போதும் வயலைச் சமப்படுத்தும்போதும் மண்ணிலிருந்து வெளிப்பட்டு, 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்படி அரசிடம் வந்தவை. குறிப்புகளில் நாம் வழக்கமாகக் காண்பது பெயர், ஊர், நூற்றாண்டு, அரச மரபு. மெழுகில் வடித்து உலோகம் வார்த்த ஸ்தபதியின் தொழில்மரபு, மண்வெட்டியோடு அதை முதலில் கண்ட கூலித்தொழிலாளி, அந்தத் திருமேனி வீற்றிருந்த கோயிலுக்குள் எந்தச் சாதியார் நுழைய முடிந்தது என்ற கேள்வி ஆகியவற்றுக்கு அந்த நான்கு வரிகளில் இடமில்லை. 1939-க்கு முன்பு மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போக முடியாதிருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பள்ளிச் சீருடையில் வரிசையாக வந்து செப்புத்திருமேனிகளைப் பார்க்கிறார்கள். அரச மரபின் பெயர் மட்டுமே எழுதிய குறிப்பு அவர்களிடம் பேசுவது பாதி வரலாற்றைத்தான்.

காணும் பொங்கலன்று எழும்பூருக்கு வரும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: கிராமத்திலிருந்து குடும்பம் குடும்பமாக, சோற்று மூட்டையோடு, பாட்டியும் கைக்குழந்தையுமாக வருகிறார்கள். ஆண்டின் மற்ற நாள்களில் வராதவர்கள், ஆர்வத்தில் யாருக்கும் குறையாதவர்கள். அந்த நாளை நெரிசலைச் சமாளிக்க வேண்டிய நாளாக மட்டும் பார்ப்பது ஒரு முன்முடிவு. அந்தப் பாட்டிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராமல் இருக்கலாம். உரலையும் முறத்தையும் ஏர்க்கலப்பையையும் பற்றி அவரிடம் கேட்டால், குறிப்பு எழுதியவரைவிட அதிகம் சொல்வார்.

தமிழ்நாட்டில் புதிய அருங்காட்சியகங்கள் எழும் காலம் இது. 2023-இல் கீழடி அருங்காட்சியகம் திறந்தது. பானையோட்டில் தம் பெயரைக் கீறிவைத்த சாதாரண மனிதர்களை அது நடுவில் நிறுத்தியது. இன்னும் பல மாவட்டங்களில் திட்டங்கள் நடக்கின்றன. அவற்றை அமைக்கும் அதிகாரிகளுக்கும் காப்பாட்சியர்களுக்கும் வடிவமைப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கட்டடத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கைத் தாளில் ஒட்டிய குறிப்புகளுக்கும், அவற்றைப் படித்துக் கருத்துச் சொல்ல வருபவர்களின் ஊதியத்துக்கும், திறந்து ஓராண்டு கழித்துச் செய்ய வேண்டிய திருத்தங்களுக்கும் ஒதுக்குங்கள். வாசகர்களே, அடுத்த முறை அருங்காட்சியகத்துக்குப் போகும்போது, உங்கள் ஊர், உங்கள் தெரு, உங்கள் பாட்டி அங்கே எந்தப் பேழையில் இருக்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள். காணவில்லை என்றால் வாசலில் இருக்கும் கருத்துப் பதிவேட்டில் அதைப் பெயரோடு எழுதிவிட்டு வாருங்கள்.